ஹீமோபிலியா சங்கத்தில் சேரப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

பிள்ளைக்கு ஹீமோபிலியா என்று டாக்டர் சொன்ன அன்று, அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் உங்கள் காதில் விழுந்திருக்காது. எனக்கும் விழவில்லை. எங்கள் பையன் தவழ ஆரம்பித்த மாதத்தில் முழங்கால் இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தன. தரையில் இடித்துக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு நாள் மேலுதட்டுக்கு உள்ளே சின்னதாக ஒரு கீறல். இரண்டு நாளாகியும் தலையணை உறையில் ரத்தக் கறை புதிதாக விழுந்துகொண்டே இருந்தது. அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனை, இந்தப் பெயர், எல்லாம்.

அவனுக்கு இப்போது பதினான்கு வயது. இடையில் நான் கற்றுக்கொண்டதில் பாதியை டாக்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், மீதியைச் சங்கத்து ஆட்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பாதியைப் பற்றியது. ஹீமோபிலியா சங்கத்தில் எப்படிச் சேருவது, சேர்ந்து என்ன செய்வது, மருந்து இல்லை என்றால் யாரிடம் எப்படிக் கேட்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். தலசீமியா, சிறுநீரகம், டைப் 1 சர்க்கரை என்று வேறு நோய்க்குச் சங்கம் தேடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சேருவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் உடலில் குறைவாக இருப்பதுதான் ஹீமோபிலியா. அந்தப் புரதத்துக்கு ஃபேக்டர் என்று பெயர், ஊசியாகப் போடும் மருந்தும் அதுதான். எட்டாம் எண் ஃபேக்டர் குறைந்தால் ஏ வகை, ஒன்பதாம் எண் குறைந்தால் பி வகை. ஏ வகைதான் அதிகம், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு அதுதான். ஃபேக்டர் அளவு ஒரு சதவீதத்துக்குக் கீழே என்றால் தீவிரம், 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் லேசானது. இந்தச் சதவீதம் எழுதிய பரிசோதனை அறிக்கைதான் உங்கள் கையில் இருக்கும் மிக முக்கியமான காகிதம். சங்கத்தில் பதிவு செய்ய, மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க, வெளியூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட, எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். பத்து நகல் எடுத்து வையுங்கள். ஒன்றை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இந்த நோய்க்கான அமைப்பு 1983ல் டெல்லியில் தொடங்கிய ஹீமோபிலியா ஃபெடரேஷன். தொடங்கியவர் அசோக் வர்மா, அவருக்கே ஹீமோபிலியா. உலக அளவிலான கூட்டமைப்பை 1963ல் ஆரம்பித்த கனடாக்காரர் ஃபிராங்க் ஷ்னாபெலும் ஒரு நோயாளிதான். அவர் பிறந்த ஏப்ரல் 17ஆம் தேதிதான் இப்போது உலக ஹீமோபிலியா தினம். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சங்கங்களை நோயாளிகள்தான் கட்டினார்கள். உங்களுக்கு உதவி செய்ய யாரோ நடத்தும் டிரஸ்ட் என்று நினைத்து வாசலில் நிற்காதீர்கள். உள்ளே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

கிளையைக் கண்டுபிடிப்பது, பதிவு செய்வது

ஃபெடரேஷனுக்கு நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் இருக்கின்றன. பக்கத்தில் எது என்று தெரியாவிட்டால், ஃபேக்டர் போடும் வார்டில் இருக்கும் நர்ஸிடம் கேளுங்கள். டாக்டரை விட அவருக்குத்தான் நிச்சயம் தெரியும். பிசியோதெரபி அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோரிடம் கேட்டாலும் நம்பர் கிடைத்துவிடும்.

பரிசோதனை அறிக்கை, ரத்த வகை, ஆதார் நகல், இரண்டு போட்டோ. இவ்வளவு போதும். சந்தா பெரிதாக இருக்காது. எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் கட்டி, ரசீது வாங்கி வையுங்கள். சந்தா கட்டியவருக்குத்தான் பொதுக்குழுவில் ஓட்டு. கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமையும் அப்போதுதான் வரும்.

அம்மா பெயரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். இந்த நோய்க்கான மரபணு, பையனுக்கு அம்மாவிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பல வீடுகளில் பழி முழுவதும் அம்மா தலையில்தான் விழுகிறது. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததே இல்லை என்பதை மாமியார்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த அம்மாவுக்கே ஃபேக்டர் குறைவாக இருந்து, மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தப்போக்கு அதிகமாகலாம். அவரையும் பரிசோதிக்க வேண்டும். "பையனுக்குத்தானே நோய், உனக்கென்ன" என்று கேட்டவர்களுக்குச் சங்கத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

முதல் மூன்று மாதம்: கேளுங்கள், எழுதுங்கள்

புதிதாக வருபவர்களுக்கு ஒரு கோபம் இருக்கும், உடனே எதையாவது செய்துவிட வேண்டும் என்று. நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு ராத்திரி பையனுக்கு வலது முழங்காலில் ரத்தக்கசிவு. கால் பானை மாதிரி வீங்கி, தொட்டால் சுட்டது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஃபேக்டர் ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வாங்க என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த கூட்டத்தில் போய்க் கத்தினேன். எங்கள் கிளையின் செயலாளராக இருந்த அக்கா, இரண்டு பிள்ளைகளையும் இந்த நோயோடு வளர்த்தவர், நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. அன்னைக்கு ஓ.பி. சீட்டு போட்டீங்களா?"

"மருந்தே இல்லைன்னு சொன்னப்புறம் சீட்டு எதுக்குக்கா?"

"அப்படின்னா நீங்க அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கே வரலை."

அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குச் சங்க வேலையைச் சொல்லிக் கொடுத்தது. அக்கா சொன்ன கணக்கு இது. ஆஸ்பத்திரி எவ்வளவு மருந்து கேட்டு இண்டென்ட் போடுகிறது? போன தடவை எவ்வளவு செலவானது என்பதைப் பார்த்துப் போடுகிறது. மருந்து இல்லாத நாட்களில் செலவு பூஜ்யம். திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஆக, காகிதத்தைப் பார்த்தால் தேவை குறைந்துவிட்டது போலத் தெரியும். அடுத்த தடவை இன்னும் குறைவாக வரும், இன்னும் பல பேர் திரும்பிப் போவார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் தேவையே இல்லை. கணக்கில் வராதவனுக்கு மருந்து வராது, அவ்வளவுதான்.

அதனால் மருந்து இல்லை என்று வாசலிலேயே சொன்னாலும் ஓ.பி. சீட்டு போடுங்கள். டாக்டரைப் பாருங்கள். சீட்டில் "ஃபேக்டர் இருப்பு இல்லை" என்று எழுதித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் சண்டை வேண்டாம். சீட்டில் தேதியும் நேரமும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நோட்டில் என்ன எழுதுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், எந்த மூட்டு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட் எழுதினார்கள், எத்தனை யூனிட் கிடைத்தது, கிடைக்காவிட்டால் என்ன சொன்னார்கள், எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. போட்ட குப்பியின் மேல் இருக்கும் பேட்ச் நம்பர் ஸ்டிக்கரை உரித்து ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தத் தொகுதி மருந்தில் ஏதாவது பிரச்சினை என்றால் அது ஒன்றுதான் ஆதாரம்.

யூனிட் கணக்கைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஏ வகைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ரத்தத்தில் ஃபேக்டர் அளவு 2 சதவீதம் ஏறும். 20 கிலோ பையனுக்கு 40 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தால், 20ஐ 40ஆல் பெருக்கி இரண்டால் வகுங்கள். 400 யூனிட். குப்பி 250, 500 என்று வருவதால் 500 போடுவார்கள். எட்டாம் ஃபேக்டர் பாதியாகக் குறைய ஏறக்குறைய 12 மணி நேரம்தான் ஆகும் என்பதால் அடுத்த டோஸும் தேவைப்படலாம். டோஸை முடிவு செய்வது டாக்டர் வேலை. ஆனால் கணக்குத் தெரிந்திருந்தால், 500 எழுதிவிட்டு 250 மட்டும் கொடுத்த நாளை உங்களால் அடையாளம் காண முடியும். அதுவும் நோட்டில் ஏற வேண்டும், அதுவும் தட்டுப்பாடுதான்.

கிளையில் முப்பது குடும்பங்கள் இப்படி மூன்று மாதம் எழுதினால், மாவட்டத்துக்கு மாதம் எவ்வளவு ஃபேக்டர் உண்மையில் தேவை என்ற கணக்கு கையில் வந்துவிடும். பெரும்பாலும் அந்தக் கணக்கு வேறு எந்த ஆபீஸிலும் இருக்காது. எங்கள் கிளையில் இரண்டு பிள்ளைகளின் அம்மா ஒருவர், எட்டாவது படித்தவர், மாதக் கடைசியில் எல்லார் நோட்டையும் பார்த்து ஒரே தாளில் சேர்த்து எழுதுவார். சங்கத்திலேயே பெரிய பதவி அவருடையதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் கூட்டங்களில் காதைத் திறந்து வைத்திருங்கள். வீங்கின மூட்டை எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. ஐஸை துணியில் சுற்றி வைக்க வேண்டும், அசையாமல் வைக்க வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, சதையில் ஊசி போடக் கூடாது. பல்லைப் பிடுங்கும் முன் ஃபேக்டர் போட வேண்டும். இதையெல்லாம் அனுபவித்தவர் வாயால் கேட்கும்போது மறக்காது.

யாரிடம் கேட்பது

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ஃபேக்டர் இலவசம். மருந்துகளை மொத்தமாக வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994ல் தொடங்கியது. மாவட்டங்களில் அதற்குக் கிடங்குகள் உண்டு. ஆஸ்பத்திரிகள் பாஸ்புக் வைத்து அங்கிருந்து மருந்து எடுக்கும். ஆகவே "இல்லை" என்பதற்கு மூன்று அர்த்தங்கள் இருக்கலாம். வார்டில் இல்லை, ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோரில் இல்லை, கிடங்கில் இருக்கிறது, எடுத்து வரவில்லை. கிடங்கிலும் இல்லை, கழகமே வாங்கவில்லை. எந்த "இல்லை" என்று தெரியாமல் மனு எழுதினால் அது தப்பான மேஜைக்குப் போய்ச் சேரும்.

முதலில் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். ஆர்.எம்.ஓ. என்றால்தான் எல்லாருக்கும் புரியும். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அடுத்து, மருத்துவக் கல்லூரி என்றால் டீன், மாவட்ட மருத்துவமனை என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். இவர்களிடம் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பதினைந்து நாள் பாருங்கள். நகராவிட்டால் கலெக்டர் ஆபீஸ்.

திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். எட்டரைக்கே போய்விடுங்கள். மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போகாமல் நீங்களே ஒரு பக்கத்துக்குள் எழுதி வாருங்கள். கம்ப்யூட்டரில் பதிவு செய்து மனு எண்ணோடு ரசீது தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள்.

நாங்கள் முதல் தடவை போனபோது ஆறு பேர். ஒரு பக்க மனு, பின்னால் நோட்டுகளிலிருந்து சேர்த்தெழுதிய ஒரே ஒரு தாள். மூன்று மாதத்தில் மருந்து இல்லாத நாட்கள் எவை, அந்த நாட்களில் வந்து திரும்பியவர் எத்தனை பேர், ஒவ்வொருவருடைய ஓ.பி. சீட்டு எண். அழுவதற்குத் தயாராகத்தான் போயிருந்தோம், தேவைப்படவில்லை. அதிகாரி மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்கு வந்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தி, "இந்தச் சீட்டு நகலெல்லாம் இருக்கா?" என்றார். அக்கா மஞ்சள் பையிலிருந்து கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பத்து நாளில் மருந்து வந்துவிட்டது. அதை விடப் பெரிய விஷயம், திருப்பி அனுப்பப்படுபவர்களையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் வாய்மொழியாக உத்தரவானது. அதை எழுத்தில் வாங்க இன்னும் ஒன்றரை வருடம் நடந்தோம்.

மனுவில் "கருணை கூர்ந்து" என்று எழுதாதீர்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ மேல்முறையீடு. கேள்வியை "ஏன் மருந்து இல்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்துவிடலாம். கடந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு மாதமும் எட்டாம் ஃபேக்டர் தொடக்க இருப்பு, வரவு, செலவு, கடைசி இருப்பு, இண்டென்ட் அனுப்பிய தேதிகள். இவற்றின் நகல்களைக் கேளுங்கள். வந்ததும் உங்கள் நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வார்டு நர்ஸையோ மருந்தாளுநரையோ எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு பிள்ளையின் நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து ஊசி போடுவது அவர்கள்தான். மனு அவர்கள் மேல் இல்லை என்பதை முன்கூட்டியே நேரில் சொல்லிவிடுங்கள். பல தடவை, "இதையும் சேர்த்து எழுதுங்க, ஃபிரிட்ஜ் ரிப்பேர்" என்று அவர்களே தகவல் தருவார்கள். ஃபேக்டரை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், அதனால் அந்த ஃபிரிட்ஜும் நம் கோரிக்கைதான்.

சங்கத்தையும் கேள்வி கேளுங்கள்

இது கொஞ்சம் கசப்பான பகுதி. பிரிட்டனின் ஹீமோபிலியா சங்கம் 1950லிருந்து இருக்கிறது. 1983 மே மாதம், மற்றவர்கள் ரத்தத்திலிருந்து தயாரித்த ஃபேக்டர் மருந்து மூலம் எய்ட்ஸ் வரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, சிகிச்சையை மாற்ற வேண்டியதில்லை என்று மூத்த மருத்துவ ஆலோசகர் சொன்னதை அந்தச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கடிதமாக அனுப்பியது. அங்கே ரத்தக்கசிவு நோய் உள்ளவர்களில் சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களில் ஏறக்குறைய 380 பேர் குழந்தைகள். அதைப் பற்றிய விசாரணை அறிக்கை 2024 மே மாதம்தான் வெளிவந்தது. நாற்பது வருடம் விடாமல் போராடி அந்த விசாரணையைக் கொண்டுவந்ததும் நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும்தான்.

அதனால், சங்கம் சொல்கிறது என்பதற்காக எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்துக் கம்பெனி செலவில் ஹோட்டலில் முகாம் நடந்தால், எவ்வளவு பணம் வந்தது, கணக்கில் எங்கே இருக்கிறது என்று பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. கம்பெனி பணம் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், சின்னக் கிளைகள் அது இல்லாமல் பிசியோ முகாம்கூட நடத்த முடியாத நிலை இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர் மருந்துதான் வேண்டும் என்று சங்கத்தின் லெட்டர்பேடில் மனு போக ஆரம்பித்தால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அட்டையும் சட்டமும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை மூன்றும் அதில் உண்டு. குறைபாடு 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி வரும். ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டைச் சொல்லும் 34ஆம் பிரிவில் ரத்த நோய்களின் பெயர் இல்லை. மூட்டு பாதித்து நடக்கச் சிரமப்படுபவர் கை கால் குறைபாடு என்ற வகையில் முயலலாம். சரியாகச் சிகிச்சை கிடைத்து மூட்டைக் காப்பாற்றிக்கொண்ட பையனுக்கு அந்த வழியும் இல்லை. இதை மாற்றுவது ஒரு கிளையால் ஆகிற காரியம் இல்லை. தலசீமியா பெற்றோர் சங்கங்களோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும். உங்கள் ஊர் எம்.பி.யைப் பார்க்கப் போகும்போது இரண்டு சங்கமும் ஒன்றாகப் போங்கள்.

கிளையே இல்லாத மாவட்டம் என்றால்

ஃபெடரேஷனுக்கு எழுதி, கிளை தொடங்க வழி கேளுங்கள். தனியாகப் பதிவு செய்ய வேண்டி வந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். சங்க விதிகளை வேறு எங்கிருந்தோ நகலெடுத்துப் போடாமல், ஒரு வரியாவது நீங்களே யோசித்து எழுதுங்கள். செயற்குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்ற விதியை எங்கள் கிளையில் அப்படித்தான் சேர்த்தோம். பொதுக்குழுவை வருடம் ஒரு முறை தவறாமல் நடத்தி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வரவு செலவைப் பதிவாளருக்கு அனுப்பிவிடுங்கள். பல சங்கங்கள் இந்த ஒன்றைச் செய்யாமல்தான் செத்துப் போகின்றன.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது அறிக்கை நகல், நோட்டு, பேனா, பிள்ளைக்கு ஒரு ஐஸ் பை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பையன் முதல் தடவை வந்தபோது, அவனை விடப் பத்து வயது பெரிய ஒரு அண்ணன் தன் முழங்கால் தழும்பைக் காட்டி, "எனக்கும் இதே கால்தான்டா" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் அதையேதான் பேசிக்கொண்டு வந்தான்.